ஆட்டோகேட்ல கர்சர் இழுக்குதா? புது கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சைட்டில் மேஸ்திரி நூலும் கையுமாக நிற்கிறார். "தம்பி, பில்லர் மார்க்கிங் ஷீட் வந்துடுமா?" என்று மூன்றாவது முறையாக போன். உங்கள் ஸ்கிரீனிலோ மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால், அரை விநாடி யோசித்துவிட்டுத்தான் கர்சர் கிளம்புகிறது. ஒரு புள்ளியைக் கிளிக் செய்தால் அது பக்கத்துப் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அழித்துவிட்டு மறுபடி கிளிக் செய்தால் மறுபடியும் அதே கதை. "இந்த சிஸ்டம் செத்துப்போச்சு, புதுசு ஒண்ணு இ.எம்.ஐ-ல போட்டுட வேண்டியதுதான்" என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்களா?

கொஞ்சம் பொறுங்க. கர்சர் இழுப்பதற்கான காரணங்களில் பலவற்றைப் பைசா செலவில்லாமல் சரிசெய்யலாம். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மணப்பாறையில் இது ஏன் பெரிய விஷயம்?

மணப்பாறை என்றதும் முறுக்கும் மாட்டுச் சந்தையும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால், திருச்சி - திண்டுக்கல் சாலையில் இருக்கும் இந்த ஊரில் இப்போது வேறு வேலைகளும் நடக்கின்றன. மொண்டிப்பட்டியில் டி.என்.பி.எல்-லின் அட்டை ஆலை இருக்கிறது. சிப்காட் வளாகம் வந்திருக்கிறது. கிழக்கே திருச்சிப் பக்கம் போனால், பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். இவை எல்லாவற்றுக்கும் டிராயிங் வேண்டும். வீட்டு பிளான், ஷெட் டிராயிங், மனைப்பிரிவு லே-அவுட், ஸ்டீல் டீடெய்லிங் என்று ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. முடித்த பல இளைஞர்கள் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு சம்பாதிக்கும் வேலை இது.

வீடு கட்டுபவர்களுக்கான நடைமுறையும் வேகமாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம் என்று தமிழக அரசு 2024 ஜூலையில் திட்டம் கொண்டுவந்தது. அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்றால் டிராயிங்கையும் சீக்கிரமாகத்தானே கேட்பார்கள்?

இந்த வேலையில் பெரும்பாலும் ஒரு டிராயிங்குக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிளிக்கிலும் அரை விநாடி வீண், ஒரு நாளைக்கு 3,000 கிளிக் என்று வைத்துக்கொண்டால், 1,500 விநாடி. அதாவது 25 நிமிடம். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் பத்து மணி நேரத்துக்கும் மேல் காற்றில் போகிறது!

நேரம் போனால்கூட சம்பாதித்துக்கொள்ளலாம். தவறான புள்ளியில் விழும் கிளிக்தான் நிஜமான ஆபத்து. சுவரின் மையக்கோட்டில் ஒட்ட வேண்டிய பில்லர், சுவரின் ஓரத்தில் ஒட்டிவிட்டால், 9 இன்ச் சுவரில் நாலரை இன்ச் தள்ளிப்போகும். ஸ்கிரீனில் அது கண்ணுக்கே தெரியாது. குழி தோண்டிக் கம்பி கட்டிய பிறகு தெரிந்தால், செலவு யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்கிரீனில் இருப்பது ஒரு கர்சர் இல்லை, இரண்டு!

கம்ப்யூட்டரில் நேரடியாகப் படம் வரையும் யோசனை 1963-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமில், ஒளிப்பேனாவால் ஸ்கிரீனையே தொட்டு வரைந்தார்கள். 1968-ல் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை மேடையில் இயக்கிக் காட்டினார். ஆட்டோகேட் வெளிவந்தது 1982 டிசம்பரில். இத்தனை வருடங்களில் எவ்வளவோ மாறினாலும் ஒரு விஷயம் மாறவில்லை. கை நகரும் அதே கணத்தில் ஸ்கிரீனிலும் நகர்ந்தால்தான் மூளை அதைத் தன் கையாக நம்பும்.

டெஸ்க்டாப்பில் பார்க்கும் அம்புக்குறி விண்டோஸுடையது. அது லேசானது. ஆட்டோகேட்டின் டிராயிங் பகுதிக்குள் போனதும் அது ஒரு கூட்டல் குறியாக மாறுகிறதல்லவா? அந்த 'கிராஸ்ஹேர்' ஆட்டோகேட்டே வரைவது. நீங்கள் மவுஸை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. கர்சருக்கு அடியில் ஏதாவது கோடு இருக்கிறதா? பக்கத்தில் ஸ்னாப் ஆகக்கூடிய புள்ளி எது? இந்தக் கோட்டை ஒளிர வைக்க வேண்டுமா? பக்கத்தில் காட்ட வேண்டிய நீளம், கோணம் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகே புது இடத்தில் கூட்டல் குறி விழும்.

சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் வேலை முடிந்தால் கர்சர் வழுக்கிக்கொண்டு போகும். முடியாவிட்டால் இழுக்கும். ஆக, 'லேக்' என்பது இந்தப் பதினேழு மில்லி விநாடியை யாரோ திருடுவதுதான். திருடன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிப்போம்.

முதலில் மூன்று நிமிட டெஸ்ட்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்றே மூன்று சோதனைகள்.

ஒன்று: ஆட்டோகேட்டை மினிமைஸ் செய்துவிட்டு, டெஸ்க்டாப்பில் மவுஸை வட்டமாகச் சுற்றுங்கள். அங்கேயும் இழுக்கிறதா? அப்படியென்றால் பிரச்னை மவுஸ், மானிட்டர் அல்லது விண்டோஸில். ஆட்டோகேட் மேல் பழி போடாதீங்க.

இரண்டு: டெஸ்க்டாப்பில் நன்றாக இருந்தால், ஆட்டோகேட்டில் ஒரு புதிய வெற்று டிராயிங்கைத் திறந்து நான்கு கோடுகள் போடுங்கள். அங்கேயும் இழுத்தால், பிரச்னை ஆட்டோகேட்டின் செட்டிங்கிலோ கிராஃபிக்ஸ் டிரைவரிலோ இருக்கிறது.

மூன்று: வெற்று டிராயிங்கில் நன்றாக ஓடி, அந்தக் குறிப்பிட்ட ஃபைலில் மட்டும் இழுத்தால், நோய் அந்த ஃபைலுக்குள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்நேரமும் இழுக்கிறதா, கோடுகளின் மேலே போகும்போது மட்டும் இழுக்கிறதா, அல்லது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் உறைந்துபோகிறதா? கோடுகளின் மேல் மட்டும் என்றால் ஸ்னாப், ஹைலைட் விவகாரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் அது ஆட்டோசேவ். வழக்கமாக அதற்கு வைத்திருக்கும் இடைவெளி பத்து நிமிடம்தான். பெரிய ஃபைலைச் சேமிக்கும்போது ஒரு நொடி உறைவது சகஜம். அதற்காக ஆட்டோசேவை அணைத்துவிடாதீர்கள். கரன்ட் போகும் நாளில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

டெஸ்க்டாப்பிலேயே இழுத்தால்...

*மவுஸ்:* வயர்லெஸ் மவுஸ் என்றால் முதல் சந்தேகம் பேட்டரி. அடுத்தது, ரிசீவரைச் செருகியிருக்கும் இடம். நீல நிற யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே மவுஸ் ரிசீவர் இருந்தால் சிக்னல் குழம்பும். யு.எஸ்.பி. 3.0 வெளிவிடும் இரைச்சல், வயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் விளக்கியிருக்கிறது. ரிசீவரை எதிர்ப்பக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மவுஸுக்கு அருகில் கொண்டுவாருங்கள். ஒயர் மவுஸ் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பது இன்னும் சுலபம். கண்ணாடி மேஜை என்றால் அடியில் ஒரு நோட்டு அட்டையாவது வையுங்கள். பளபளக்கும் பரப்பில் மவுஸின் சென்சார் தடுமாறும்.

*டி.வி-யை மானிட்டராக வைத்திருக்கிறீர்களா?* பெரிய ஸ்கிரீன் வேண்டும் என்று பலர் வீட்டு டி.வி-யில் ஹெச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகிவிடுகிறார்கள். டி.வி., படத்தை அழகாக்க உள்ளே ஏதேதோ செய்துவிட்டுத்தான் காட்டும். அதற்குள் உங்கள் கை நகர்ந்துவிடும். டி.வி. மெனுவில் 'கேம் மோட்' இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். பழைய ஒயரிலோ போர்ட்டிலோ 4கே படம் விநாடிக்கு 30 முறை மட்டுமே வரக்கூடும். அப்போது ஒரு படத்துக்கு 33 மில்லி விநாடி ஆகிவிடும். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ரெஃப்ரெஷ் ரேட்' 60 இருக்கிறதா என்று பாருங்கள். 30 என்றிருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்து 60-க்குக் கொண்டுவாருங்கள்.

*சூடு:* மணப்பாறை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிராசசர் அளவுக்கு மேல் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி, மதியம் இரண்டு மணிக்கு மேல் இழுக்கும் லேப்டாப் என்றால் சந்தேகமே வேண்டாம். ஃபேனில் தூசி அடைத்திருக்கும். மெத்தை, தலையணை மேல் வைத்து வேலை பார்க்காதீர்கள். அடியில் காற்று போக இடம் விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தெரிந்த சர்வீஸ் கடையில் கொடுத்துத் தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றினாலே பாதி உயிர் திரும்பி வரும்.

*பேட்டரி:* சார்ஜர் போடாமல் ஓட்டினால் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துவிடும். ஒரிஜினல் சார்ஜர் போய், வாட் குறைந்த வேறொன்றைப் போட்டிருந்தாலும் இதே கதை நடக்கலாம். பவர் செட்டிங்கை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள்.

எல்லா டிராயிங்கிலும் இழுத்தால்...

இங்கே ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய மதிப்பைப் பேப்பரில் எழுதி வையுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. நாளைக்குப் பக்கத்து சிஸ்டத்தில் இதே பிரச்னை வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

*எஃப் 3, எஃப் 11, எஃப் 12:* முதலில் எஃப் 3-ஐ அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை அணைத்துவிட்டு மவுஸை நகர்த்துங்கள். பறக்கிறதா? அப்படியானால் திருடன் ஸ்னாப்தான். நிறைய பேர் 'செலக்ட் ஆல்' கொடுத்து எல்லா ஸ்னாப்பையும் ஆன் செய்து வைத்திருப்பார்கள். எண்ட் பாயின்ட், மிட் பாயின்ட், சென்டர், இன்டர்செக்‌ஷன் ஆகிய நான்கு போதும். 'நியரஸ்ட்' போன்றவை எப்போதாவது தேவைப்பட்டால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்து அந்த ஒரு கிளிக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கர்சர் லேசாவதோடு தவறான புள்ளியில் ஒட்டுவதும் வெகுவாகக் குறையும். எஃப் 11 ஸ்னாப் டிராக்கிங், எஃப் 12 டைனமிக் இன்புட். அவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

*ஹைலைட் சமாசாரங்கள்:* கோட்டின் மேல் கர்சர் போனதும் அது தடித்து ஒளிர்வது அழகுதான். ஆனால், அதற்கும் நேரம் செலவாகிறது. கமாண்ட் லைனில் 'செலக்‌ஷன்பிரிவ்யூ' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து 0 கொடுங்கள். அதேபோல 'செலக்‌ஷன்சைக்கிளிங்' 0, 'ரோல்ஓவர்டிப்ஸ்' 0. கடைசியாகச் சொன்னது, கோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றால் வரும் குட்டிப் பெட்டியை அணைக்கும். ஜூம் செய்யும்போது படம் மெதுவாக வழுக்கிப் போய் நின்றால் 'வி-டி-எனேபிள்' 0. இவற்றில் எதுவும் உங்கள் டிராயிங்கை மாற்றாது. பிடிக்கவில்லையென்றால் பழைய எண்ணைத் திரும்பக் கொடுத்துவிடலாம்.

*கிராஸ்ஹேரின் அளவு:* ஸ்கிரீன் முழுக்க நீளும் கூட்டல் குறி சிலருக்குப் பிடிக்கும். 'கர்சர்சைஸ்' 100 என்று வைத்தால் அப்படி வரும். ஆனால், அது நகரும் ஒவ்வொரு முறையும் ஸ்கிரீனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திரும்ப வரைய வேண்டும். கிராஃபிக்ஸ் பலவீனமான சிஸ்டத்தில் 5-க்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆட்டோகேட் தானாகத் தரும் அளவும் அதுதான்.

*கிராஃபிக்ஸ் டிரைவர்:* 'கிராஃபிக்ஸ்கான்ஃபிக்' என்று டைப் செய்தால் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' என்ற சுவிட்ச் வரும். ஆனில் இருந்தால் ஆஃப் செய்து பாருங்கள். இழுவை நின்றுவிட்டால் உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் பழையது அல்லது பழுதானது என்று அர்த்தம். கார்டு இன்டெலா, என்விடியாவா, ஏ.எம்.டி-யா என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ புது டிரைவரைப் போடுங்கள். பிறகு சுவிட்சை மறுபடி ஆன் செய்துவிடுங்கள். ஆஃப் செய்ததும் நிலைமை மோசமானால், அதைத் தொடாமல் ஆனிலேயே விடுங்கள்.

*இரண்டு கார்டு உள்ள லேப்டாப்:* கேமிங் லேப்டாப் வாங்கியிருப்பீர்கள். உள்ளே தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும். ஆனால், ஆட்டோகேட் அதைப் பயன்படுத்தாமல் பிராசசரோடு வரும் சின்ன கார்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய காளை தொழுவத்தில் நிற்க, கன்றுக்குட்டியை ஏரில் பூட்டிய மாதிரி! விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், ஆட்டோகேட்டைத் தேர்ந்தெடுத்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள்.

எதிலும் சரியாகவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் 'ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்' இருக்கும். முதல் நாள் இன்ஸ்டால் செய்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் டூல்பார், ஷார்ட்கட் எல்லாம் போகும் என்பதால், அது கேட்கும்போது பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். இதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஃபைல் மட்டும் இழுத்தால்...

நம் ஊரில் அதிகம் பார்க்கக்கூடியது இதுதான். காரணம், ஒரே டிராயிங் பல கை மாறி வருகிறது. யாரோ போட்ட வீட்டு பிளானை காப்பி செய்து, அதில் இன்னொரு பிளானின் கதவு, ஜன்னல், சோபா, கார், செடி பிளாக்குகளை ஒட்டி, அதையே டெம்ப்ளேட்டாக வைத்து வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத குப்பை அதில் சேர்ந்துகொண்டே போகும்.

தொடங்கும் முன் ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து நேரடியாகத் திறந்து வேலை பார்ப்பவராக இருந்தால், ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து திறந்து பாருங்கள். சில சமயம் அதோடே பிரச்னை முடிந்துவிடும்.

*சுத்தம் செய்யும் மூன்று கமாண்ட்:* முதலில் 'ஆடிட்'. பிழைகளைச் சரிசெய்யவா என்று கேட்டால் 'எஸ்' கொடுங்கள். அடுத்து 'பர்ஜ்'. பயன்படாத லேயர், பிளாக், லைன்டைப் எல்லாம் போகும். பிறகு அதையே முன்னால் மைனஸ் குறி சேர்த்து டைப் செய்து, 'ரெக்ஆப்ஸ்' என்ற தேர்வைக் கொடுங்கள். வேறு வேறு மென்பொருள்கள் விட்டுச்சென்ற பெயர்ச்சீட்டுகள் இவை. கை மாறி வந்த ஃபைலில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். மூன்றாவது 'ஓவர்கில்'. ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும் கோடுகளை நீக்கும். ஒரு சுவரில் நான்கு கோடுகள் படிந்திருந்தால் ஸ்னாப் நான்கையும் தேடும். கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒன்று மட்டும் வரும், மீதி அங்கேயே நிற்கும். இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். லேயரை மாற்றி வைத்த கோடுகளை 'ஓவர்கில்' எப்படிக் கையாள வேண்டும் என்று அதன் பெட்டியில் டிக் போட்டுச் சொல்லலாம். அதைப் பார்த்துவிட்டு ஓ.கே. கொடுங்கள்.

*ஹேட்ச்:* புல்தரை, மணல், டைல்ஸ் என்று அடர்த்தியாகப் போட்ட ஹேட்ச் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகள். ஹேட்சுக்கென்று தனி லேயர் வைத்து, வேலை பார்க்கும்போது அதை 'ஃப்ரீஸ்' செய்யுங்கள். 'ஆஃப்' செய்வதைவிட ஃப்ரீஸ் நல்லது. ஃப்ரீஸ் செய்த லேயரை ஆட்டோகேட் கணக்கிலேயே எடுக்காது. ஆப்ஷன்ஸில் டிராஃப்டிங் பகுதியில் 'இக்னோர் ஹேட்ச் ஆப்ஜெக்ட்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சும் கூகுள் மேப் படமும்:* மனையின் அளவுக்காக நில அளவை வரைபடத்தை ஸ்கேன் செய்தோ பி.டி.எஃப்-ஆகவோ டிராயிங்குக்கு அடியில் வைத்து அதன்மேல் கோடு போடுவோம். கோடு போட்டு முடித்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். அதிக ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்த ஒரு படம் மொத்த டிராயிங்கையும்விடக் கனமாக இருக்கலாம். வேலை முடிந்ததும் 'எக்ஸ்ரெஃப்' பலகையைத் திறந்து அதை 'அன்லோட்' செய்துவிடுங்கள். ஃபைல் தொலையாது. தேவைப்பட்டால் திரும்ப வரவைக்கலாம்.

*தொலைதூரத்தில் தொலைந்த டிராயிங்:* 'ஜூம்', பிறகு 'எக்ஸ்டென்ட்ஸ்' கொடுங்கள். உங்கள் பிளான் ஒரு மூலையில் புள்ளியாகச் சுருங்கிவிட்டதா? எங்கோ தொலைவில் வேண்டாத ஒரு கோடோ எழுத்தோ கிடக்கிறது. தேடி அழியுங்கள்.

சர்வே டிராயிங்கில் இது வேறு மாதிரி வரும். டி.ஜி.பி.எஸ். கருவியில் எடுக்கும் யு.டி.எம். அளவுகளில், மணப்பாறை வட்டாரத்தின் ஒரு புள்ளி வடக்காக 11 லட்சத்து 70 ஆயிரம் மீட்டர் என்ற அளவில் வரும். அதே டிராயிங்கை மில்லி மீட்டரில் போட்டால் 117 கோடி! ஆட்டோகேட் ஃபைலுக்குள் 15 இலக்கம் வரை துல்லியமாக வைத்திருக்கும். கிராஃபிக்ஸ் கார்டோ வேகத்துக்காகப் பெரும்பாலும் ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் வேலை செய்கிறது. 117 கோடியில் ஏழு இலக்கம் என்றால் 100 மில்லி மீட்டருக்கு மேல் தோராயம் வந்துவிடும். மென்பொருள் அதைச் சமாளிக்கப் பார்க்கும். முடியாதபோது கோடு நடுங்கும், ஹேட்ச் கோணலாகும், கர்சர் குதிக்கும்.

வீட்டு பிளான் மட்டும்தான் என்றால், அதைப் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் அருகே நகர்த்திவிடுங்கள். ஆனால், மனைப்பிரிவு லே-அவுட், ரோடு போன்ற சர்வே டிராயிங்கில் ஒரிஜினலை நகர்த்தவே கூடாது. அந்த எண்கள்தான் நிலத்தின் முகவரி. தனியாக ஒரு காப்பி எடுத்து, எந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு காப்பியில் மட்டும் வேலை பாருங்கள்.

பென் டிரைவில் வரும் விருந்தாளி

டிராயிங் இருக்கும் ஃபோல்டரில், நீங்கள் வைக்காத 'ஆகேட்' அல்லது 'ஆகேட்டாக்' என்ற பெயரில், எல்.எஸ்.பி., எஃப்.ஏ.எஸ்., வி.எல்.எக்ஸ். என்று முடியும் சின்ன ஃபைல் ஏதாவது இருக்கிறதா? உஷார்! ஆட்டோலிஸ்ப் மொழியில் எழுதப்படும் வைரஸ்கள் இந்தப் பெயரில்தான் ஒளிந்துகொள்ளும். டிராயிங்கைத் திறந்ததும் தானாக ஓடி, நீங்கள் திறக்கும் மற்ற ஃபோல்டர்களுக்கும் தன்னை காப்பி செய்யும். கமாண்டுகள் விநோதமாக நடந்துகொள்ளும், வேகமும் குறையும்.

இது வெறும் தொல்லையோடு நிற்பதில்லை. 2012-ல் 'மெட்ரே' என்ற ஆட்டோகேட் வைரஸை இஸெட் நிறுவனம் கண்டுபிடித்தது. பெரும்பாலும் பெரு நாட்டில் பரவிய அது, பல்லாயிரம் டிராயிங்குகளைத் திருடி இமெயிலில் அனுப்பியிருந்தது. கட்சிக்காரர் நம்பிக் கொடுத்த டிராயிங் உங்கள் சிஸ்டத்திலிருந்து வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஆனால், ஆபீஸில் யாராவது வேலைக்காக எழுதிவைத்த நல்ல லிஸ்ப் ஃபைலும் இதே பெயரில் இருக்கலாம். கேட்டுவிட்டு அழியுங்கள். 'செக்யூர்லோட்' மதிப்பு 1-க்குக் குறையாமல் இருக்கட்டும். நம்பாத இடத்திலிருந்து ஒரு ஃபைல் ஓடப்பார்த்தால் உங்களைக் கேட்கும்.

அந்த எச்சரிக்கை எரிச்சலாக இருக்கிறதென்று அணைப்பவர்களும், 'கிராக்' வெர்ஷன் போடுபவர்களும் வைரஸுக்குக் கதவைத் திறந்துவைக்கிறார்கள். மாணவர் என்றால் ஆட்டோடெஸ்க் கல்விக்காகத் தரும் இலவச உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், காசுக்கு வேலை செய்ய அதைப் பயன்படுத்தக் கூடாது. சாதாரண 2டி வேலைக்கு 'லிப்ரேகேட்' முழுக்க இலவசம்.

அப்போ புது கம்ப்யூட்டர் வாங்கவே வேண்டாமா?

சில சமயம் வேண்டியிருக்கும். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கர்சர் இழுக்கும் அதே நேரத்தில் அதைப் பாருங்கள். மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தால் தேவை ரேம். குரோமில் 30 டேப் திறந்திருந்தால், முதலில் அதை மூடுங்கள்! டிஸ்க் 100 சதவிகிதத்திலேயே நின்றால், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி-யாக மாற்றுங்கள். இந்த இரண்டும் புது லேப்டாப்போடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. ஆட்டோகேட்டின் சமீபத்திய வெர்ஷன்கள் குறைந்தபட்சமாகக் கேட்பதே 8 ஜி.பி. ரேம் என்பதால், 4 ஜி.பி-யோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2டி டிராஃப்டிங்கில் ஆட்டோகேட் பெரும்பாலான வேலைகளுக்கு பிராசசரின் ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்துகிறது. கடைக்காரர் "இதுல 16 கோர் இருக்கு தம்பி" என்றால் மயங்காமல், ஒரு கோரின் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். முடிந்தால் உங்களை அதிகம் படுத்தும் டிராயிங்கைப் பென் டிரைவில் கொண்டுபோய், ஆட்டோகேட் உள்ள அதே மாதிரி லேப்டாப் ஒன்றில் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இன்று வேலை முடிந்ததும், உங்கள் டெம்ப்ளேட் ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிட்டு, 'ஆடிட்', 'பர்ஜ்', 'ஓவர்கில்' மூன்றையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஃபைல் சைஸை முன்னும் பின்னும் குறித்துவையுங்கள். எவ்வளவு குப்பையைச் சுமந்துகொண்டு இத்தனை நாள் வேலை பார்த்தோம் என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.